ஆறு மாசத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது

ஜூன் 12, புதன்

நரம்பு டாக்டர் இந்த நோட்டைப் போடச் சொன்னார். தினமும் எழுத வேண்டுமாம். மாத்திரை சாப்பிட்ட நேரம், தூக்கம், வித்தியாசமாக ஏதாவது நடந்தால் அது. மகள் நிறைமதி பள்ளிக்கூடத்தில் படித்தபோது மிச்சம் வைத்துவிட்டுப் போன வேதியியல் நோட்டு ஒன்று கிடைத்தது. முதல் நான்கு பக்கத்தைக் கிழித்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.

நடந்தது: ஞாயிறு காலை பதினொன்றே கால் மணிக்கு இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். தடால் என்று சத்தம் கேட்டு ஓடினேன். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. இரண்டு நிமிடம் இருக்கும். எனக்கு இரண்டு மணி நேரம். நீலச் சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் முழு உருவமும் பழுப்பாகப் பதிந்துவிட்டது. ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. கடவுள் புண்ணியம்.

டாக்டர் சொன்னதை எல்லாம் இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்று சொன்னபோதுதான் முகம் வாடிவிட்டது.

"ஆறு மாசத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது. சாவியை வீட்டம்மாகிட்டக் குடுத்துடுங்க. டிசம்பர்ல பாப்போம்."

"டாக்டர், ஆபீஸ் நந்தனத்துல. இவளை வேற ராயப்பேட்டைல விடணும்."

"பஸ் இருக்குல்ல?"

மாத்திரை: காலை 8, இரவு 8. தூக்கம்: நன்று.

ஜூன் 20, வியாழன்

மாத்திரை இரண்டு வேளையும். தூக்கம் நன்று.

பஸ்ஸில் ஒன்பது நாள் ஆகிறது. மடிப்பாக்கத்தில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்து, இருந்த சாலையில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். இன்று வேளச்சேரி வரவே நாற்பது நிமிடம். இவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கூட்டத்தில் இவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். "விடு, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டு வாசலில் வண்டி உறை போட்டு நிற்கிறது. பதினான்கு வருடத்து வண்டி. தினமும் சாயங்காலம் இவர் உறையைத் தூக்கி, ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, அணைத்துவிட்டு வருகிறார். பேட்டரி போகக் கூடாதாம்.

ஜூன் 23, ஞாயிறு

காலை காப்பி குடிக்கும்போது சொன்னேன். "நான் ஓட்டறேன்."

"எதை?"

"வண்டியைத்தான்."

"உனக்கு ஸ்கூட்டிதானே தெரியும். அதுவும் காலேஜ்ல. இது கியர் வண்டி மங்கை."

"அம்பதாயிரம் பொம்பளைங்க ஓட்டறாங்க."

"அவங்களுக்கு இருபது வயசு."

எனக்கு நாற்பத்தாறு. மங்கையர்க்கரசி என்று அப்பா பெயர் வைத்தது எதற்கு என்று கேட்டேன். அரசி என்றால் வண்டி ஓட்ட ஆள் வைத்திருப்பாள் என்றார் இவர். சிரித்துவிட்டேன். ஆனால் விடவில்லை. நாளை எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்.

மாத்திரை சரி. தூக்கம் சரி.

ஜூலை 14, ஞாயிறு

கீழ்க்கட்டளை ஏரிக்கரைப் பக்கம் காலை ஆறு மணிக்குப் போனோம். வண்டியை நானே தள்ளிக்கொண்டு போனேன். இவர் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

இவர் வேலையைப் பற்றி இந்த நோட்டில் எழுதவில்லை, டாக்டருக்குத் தெரிந்தால் நல்லது. லிஃப்ட் கம்பெனியில் புகார் பிரிவு. ஊரில் எங்கே லிஃப்ட் நின்று ஆள் உள்ளே மாட்டிக்கொண்டாலும் போன் இவருக்குத்தான் வரும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவர்களிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். "பதறாதீங்க. காத்து வரும். நான் லைன்லயே இருக்கேன்." இருபத்திரண்டு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி அந்தக் குரலே ஒரு தினுசாக ஆகிவிட்டது. இன்று அதே குரலில் எனக்கு, "பதறாத. கிளட்ச்சை மெதுவா விடு. நான் பின்னாடியே இருக்கேன்."

பதினெட்டு தடவை வண்டி ஆஃப் ஆனது. எண்ணினேன். பத்தொன்பதாவது தடவை நகர்ந்தது. வேலியோரம் படுத்திருந்த ஓர் எருமை எழுந்து வழிவிட்டது. "பாத்தியா, அதுக்கே நம்பிக்கை இல்ல" என்றார் இவர்.

இரண்டாவது கியர் வரை வந்துவிட்டேன். இடது கை கட்டைவிரலில் கொப்புளம்.

ஜூலை 31, புதன்

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. எட்டு போடும்போது ஒரு தடவைகூடக் காலை ஊன்றவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன் இரண்டு தடவை ஊன்றினான். எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன்.

இவர் வெளியே மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததும், "இண்டிகேட்டரை ஆஃப் பண்ணவே இல்ல நீ" என்றார். பிறகு கரும்புச்சாறு வாங்கிக்கொடுத்தார்.

டாக்டருக்குப் போன் செய்து, இவர் ஆபீஸ் வரை பின்னால் உட்கார்ந்து வரலாமா என்று கேட்டேன். மாத்திரை தவறக் கூடாது, நல்ல ஹெல்மெட், மெதுவாகப் போக வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டுச் சரி என்றார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

முதல் நாள். விவரமாக எழுதுகிறேன்.

புடவை வேண்டாம் என்று சுடிதார். எட்டு மணிக்குக் கிளம்பினோம். கைவேலி வரை யாரோ ஒருவர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். யார் என்று திரும்பிப் பார்க்கப் பயம். வேளச்சேரி தாண்டி ரேஸ்கோர்ஸ் மதில் ஓரமாக வந்ததும் மரநிழல், கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. கல்யாணமாகி இருபத்தொரு வருடமாக இந்த வழியில் தினமும் போய்வருகிறேன். புடவை கட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்து, காலையில் ஒரு பக்கத்துக் கடைகளையும் மாலையில் மறுபக்கத்துக் கடைகளையும் பார்த்திருக்கிறேன். நேரே முன்னால் இருப்பதை மட்டும் பார்த்ததே இல்லை. அங்கே இவர் முதுகுதான் இருந்தது. நல்ல முதுகுதான். ஆனால் சாலை வேறு.

சின்னமலை சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் ஹாரன் என்றால் அப்படி ஒரு ஹாரன். என் வேலை காது கேட்கும் கருவி விற்கும் கடையில். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, கீச்சென்ற ஒலி கேட்கிறதா என்று விரல் தூக்கச் சொல்லிப் பரிசோதிப்பவள் நான். இப்படி ஹாரன் அடிக்கிறவர்கள் அத்தனை பேரும் பத்து வருடத்தில் எங்களிடம்தான் வர வேண்டும் என்று நினைத்துத் தைரியம் சொல்லிக்கொண்டேன்.

சிக்னலில் நின்ற பெண் காவலர் நேரே வந்து என் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, பின்னால் இருந்தவர்களைக் கைகாட்டி நிறுத்தினார். "நீ பாட்டுக்கு ஸ்டார்ட் பண்ணும்மா. இவங்க என்ன ஏரோப்ளேனா புடிக்கப் போறாங்க?" சட்டைப் பெயர்ப் பட்டையில் தில்லைநாயகி என்று இருந்தது.

நந்தனத்தில் இறங்கியபோது இவர் கைக்குட்டை நனைந்திருந்தது. வெயில்தான்.

அதற்குப் பிறகு ராயப்பேட்டை வரை நான்கு கிலோமீட்டர் தனியாக. அங்கேதான் இன்னொன்றும் உறைத்தது. இவர் ஆபீஸ் முதலில் வருகிறது. இத்தனை வருடமும் இவர் தன் ஆபீஸைத் தாண்டிப் போய் என்னை இறக்கிவிட்டு, திரும்பி வந்து வேலைக்குப் போயிருக்கிறார். ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மாத்திரை 8, 8.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆஃப் ஆகவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

மாத்திரை சரி. தூக்கம் சரி. வித்தியாசமாக ஒன்றும் இல்லை.

காலையில் எழுந்ததும் சாலைதான் நினைவுக்கு வருகிறது. எந்த இடத்தில் குழி, எங்கே தண்ணீர் லாரி நிற்கும், எந்தப் பள்ளிக்கூடத்து வேன் சொல்லாமல் திரும்பும் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. சைதாப்பேட்டைப் பாலத்தில் ஆற்று நாற்றம்கூட வேளைக்கு ஒரு மாதிரி இருக்கிறது. மழை பெய்த மறுநாள் குறைவு.

நந்தனத்தில் இவரை இறக்கிவிட்ட பிறகு வண்டி லேசாகிவிடுகிறது. எடை குறைவதால். நான்காவது கியர் போட்டால் ஒரு சத்தம் வரும், குறட்டைக்கும் பாட்டுக்கும் நடுவில். இன்று தேனாம்பேட்டையில் வழி அடைத்திருந்ததால் சுற்றிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போய்விட்டேன். கடைக்குப் பத்து நிமிடம் தாமதம். வழி அடைத்திருந்ததால்தான்.

செப்டம்பர் 14, சனி

காவலர் தில்லைநாயகியிடம் ஒரு வாரமாகச் சிக்னலில் கத்திக்கொண்டிருந்தேன், "ஒருநாள் வந்து காது டெஸ்ட் பண்ணிக்கங்க" என்று. "என்னம்மா?" "காது!" "என்ன?" இன்று கடைக்கு வந்துவிட்டார். கூண்டுக்குள் தொப்பியோடு உட்கார்ந்தார். இடது காதில் கொஞ்சம் குறைவு. கருவி தேவையில்லை. பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரர் பேசறது கேக்கலன்னு நெனச்சேன். அப்ப அவரு நெஜமாவே பேசாமதான் இருக்காரு" என்றார். அரை மணி நேரம் சிரித்தோம்.

அக்டோபர் 15, செவ்வாய்

பேய் மழை. வேளச்சேரியில் முட்டிவரை தண்ணீர். இவர் பின்னாலிருந்து, "முதல் கியர். ஆக்ஸிலேட்டரை விடாத. நடுரோட்லயே போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்தில் ஆறேழு வண்டிகள் புகைபோக்கியில் தண்ணீர் ஏறி நின்றுவிட்டன. எங்கள் வண்டி நிற்கவில்லை. ரேஸ்கோர்ஸ் மேட்டுக்கு ஏறியதும் இவர் என் தோளைத் தட்டினார். "என்னைவிட நல்லா ஓட்டற."

இரவு இட்லி சாப்பிடும்போது, "தண்ணியில ஓட்டறது ஈஸிதான். கூட்டத்துல ஓட்டறதுதான் கஷ்டம்" என்றார். காலையில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார் போல. பரவாயில்லை. சொன்னது சொன்னதுதான்.

மாத்திரை 8, 8.30. மழையில் வீடு சேரத் தாமதம்.

நவம்பர் 19, செவ்வாய்

மாத்திரை 8, 8. தூக்கம் நன்று.

மாலை திரும்பி வரும்போது, ரேஸ்கோர்ஸ் மதில் ஓரம், தூறல். இவர் தி.நகர் துணிக்கடை லிஃப்ட் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். கல்யாணப் புடவையோடு ஏழு பேர் மாட்டிக்கொண்டார்களாம். "அதுல ஒரு பெரியம்மா என்கிட்ட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். இவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது. வலது கை என் மழைக்கோட்டின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தது, நூல் பொறுக்குகிற மாதிரி. "என்னங்க" என்றேன். இரண்டாவது தடவையும் "என்னங்க" என்றேன். ஓரமாக நிறுத்தி, பின்னால் கையை வளைத்து இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிடம் இருக்கும்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

"மழை" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது கேட்டார். "நான் தூங்கிட்டேனா?"

"ஆமா."

"ரொம்ப நேரமா?"

"ரெண்டு செகண்டு."

தூங்கிவிட்டார். அலைச்சல். ஐம்பத்தொரு வயதில் ஆபீஸ் முடிந்து வரும்போது தூக்கம் வருவது சகஜம்.

நவம்பர் 20, புதன்

வித்தியாசமாக ஒன்றும் இல்லை.

நவம்பர் 21, வியாழன்

ஒன்றும் இல்லை. மெதுவாக ஓட்டினேன். "என்ன மங்கை, ஊர்வலமா?" என்றார். இவர் பெல்ட்டையும் என் பையின் வாரையும் சேர்த்து மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். நன்றாக முறைத்தார்.

டிசம்பர் 8, ஞாயிறு

வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். இவருக்கு நேற்றிலிருந்தே கொண்டாட்டம். காலையில் மெக்கானிக்கிடம் வண்டியை எடுத்துப்போய்ச் செயின் மாற்றி, ஆயில் மாற்றி, சீட் உறை புதிதாகப் போட்டுவந்தார். தள்ளிக்கொண்டுதான் போனார், தொடக்கூடாது என்பதால். பிறகு வாசலில் வைத்து ஷாம்பு போட்டுக் கழுவினார். கோயம்புத்தூரில் படிக்கும் நிறைமதி வீடியோ காலில் கூப்பிட்டாள். "அப்பா, வண்டிக்குக் கல்யாணமா?" என்று கேட்டாள். "வியாழக்கிழமை முகூர்த்தம்மா" என்றார்.

கண்ணாடி இரண்டும் நான் எனக்கு ஏற்ற மாதிரி திருப்பி வைத்திருந்தேன். இவர் தன் உயரத்துக்குத் திருப்பிவிட்டார்.

எனக்கு லேசாகத் தலைவலி.

டிசம்பர் 12, வியாழன்

டாக்டர் அறையில் குளிர். இவர் நீலச் சட்டைக்குப் பதிலாக வாங்கிய புதுச் சட்டையில் வந்திருந்தார்.

"அதுக்கப்புறம் ஏதாவது வந்துச்சா? கைகால் இழுக்கறது, நெனவு தப்பறது?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர். நல்லா இருக்கேன்."

"நோட்டு எழுதுனீங்களா?" என்று என்னைப் பார்த்தார்.

நோட்டு என் பையில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். அவசரத்தில் புரட்டி, அந்த நாளின் கடைசி வரியை மட்டும் பார்ப்பார். தூங்கிவிட்டார் என்றுதான் எழுதியிருக்கிறேன். நான் வாயைத் திறக்காமலே அந்த நோட்டு எனக்காகப் பொய் சொல்லியிருக்கும்.

"ஒருநாள் வந்துச்சு டாக்டர்" என்றேன். "நவம்பர் பத்தொன்பது. வண்டியில. பேசிட்டே இருந்தவர் நிறுத்திட்டார். கை மட்டும் என்னமோ பொறுக்கிட்டே இருந்துச்சு. கூப்பிட்டேன், பதில் இல்ல. அரை நிமிஷம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

அதுவும் வலிப்பின் ஒரு வகைதான், விழாமலே வருவது என்று டாக்டர் விளக்கினார். மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார். இன்றிலிருந்து திரும்பவும் ஆறு மாதம். முதல் இரண்டு வாரம் பின் இருக்கையில்கூட உட்காரக் கூடாது. சட்டைப் பையில் பெயர், போன் நம்பர், மாத்திரை பெயர் எழுதிய அட்டை ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்ததும் இவர் வண்டி நின்ற பக்கம் திரும்பவே இல்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். வீட்டுக்கு வந்துதான் பேசினார்.

"தூங்கிட்டேன்னு நீதானே சொன்ன?"

"தப்பா சொன்னேன்."

"மூணு வாரம் பேசாம இருந்துட்டு, டாக்டர் முன்னாடி சொல்ற. ஏன்னு எனக்குத் தெரியாதா? உனக்கு வண்டி வேணும் மங்கை. அதான். ஓட்டிப் பழகிடுச்சு, குடுக்க மனசு வரல."

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

அது பொய் என்று இங்கே எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இவர் வண்டி ஓட்டிப்போய் ஏதோ ஒரு லாரியில் தலை மோதிக் கிடப்பாரே என்று பயந்துதான் சொன்னேன். அது சத்தியம். டாக்டர் திரும்பவும் ஆறு மாதம் என்று சொன்ன அந்த நொடியில் எனக்குள் ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்ததே, பாரம் இறங்கின மாதிரி, அதுவும் சத்தியம். இரண்டில் எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மாத்திரை: புது அளவு, இரவு 8.

டிசம்பர் 16, திங்கள்

இவர் பஸ்ஸில் போனார். துணைக்கு வருகிறேன் என்றேன். "நான் என்ன எல்.கே.ஜி.யா?" என்றார். நான்கு நாளில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

நான் வண்டியில் போனேன். இவர் ஏறிய பஸ்ஸும் நான் போகிற வழியில்தான் போகிறது. முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

அதே. அந்த பஸ் நிறையப் புகை விடுகிறது.

டிசம்பர் 20, வெள்ளி

மாத்திரை இரண்டு வேளையும். புது அளவில் காலையில் கொஞ்சம் மந்தமாக இருக்கிறார். வித்தியாசமாக ஒன்றும் இல்லை. கேட்டால் "ம்" என்கிறார், "ம்ஹும்" என்கிறார். சின்னமலையில் தில்லைநாயகி என்னை நிறுத்தி, "ஏம்மா, முன்னாடியெல்லாம் பறந்துக்கிட்டுப் போவ, இப்ப என்ன இந்த பஸ் வாலைப் புடிச்சிக்கிட்டே போற?" என்று கேட்டார்.

"அவசரம் இல்ல" என்றேன்.

நந்தனத்தில் பஸ் நின்று இவர் இறங்கி, ஆபீஸ் கேட்டுக்குள் போகிறவரை எனக்கும் அங்கே ஏதாவது வேலை வந்துவிடுகிறது. இன்று ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவர் கேட்டில் ஒரு நொடி நின்றார். திரும்பவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

இரண்டு வாரம் முடிந்துவிட்டது. காலையில் வண்டியைத் துடைத்து நிறுத்தினேன். இவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வண்டியைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்குப் போனார்.

ஜனவரி 1, புதன்

நிறைமதி வந்திருந்தாள். இரண்டு நாள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரிடமும் பேசிவிட்டுப் போனாள். போகும்போது என் காதில், "அம்மா, அப்பா உன்மேல கோவமா இல்ல. பயத்துல இருக்காரு" என்றாள். பத்தொன்பது வயதில் இவளுக்கு எப்படித் தெரிகிறது இதெல்லாம்?

ஜனவரி 5, ஞாயிறு

மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்து மடித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"நவம்பர் ஆரம்பத்துல ஒண்ணு நடந்துச்சு" என்றார். "ஆபீஸ்ல."

நான் மடிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும் போலிருந்தது.

"அசோக் நகர்ல ஒரு அபார்ட்மென்ட். ஒரு அம்மா தனியா மாட்டிக்கிட்டாங்க. கரண்டும் இல்ல. நான் லைன்ல பேசிட்டு இருந்தேன். பேசிட்டேதான் இருந்தேன். திடீர்னு பாத்தா அவங்க அழறாங்க. 'சார் இருக்கீங்களா, சார் இருக்கீங்களா'ன்னு. நடுவுல எவ்வளவு நேரம் போச்சுன்னு எனக்குத் தெரியல மங்கை. அந்தம்மா இருட்டுல கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. நான் போனைக் காதுல வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கேன்."

"யாருக்கும் தெரியுமா?"

"லைன் கட்டாயிடுச்சுன்னு சொல்லிட்டேன்." துண்டைப் பிரித்துத் திரும்ப மடித்தார். "அன்னிக்கு வண்டியில நான் தூங்கலன்னு எனக்கும் தெரியும். நீ தூங்கிட்டேன்னு சொன்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. அதையே பிடிச்சுக்கிட்டேன். நீ டாக்டர்கிட்டச் சொல்லலேன்னா நான் வண்டியை எடுத்திருப்பேன். உன்னைப் பின்னாடி ஏத்திக்கிட்டு."

கொஞ்ச நேரம் இருவரும் துணி மடித்தோம்.

"நீங்க சொன்னதுலயும் பாதி நிஜம்" என்றேன். "எனக்கு ஓட்டப் பிடிச்சிருக்கு. குடுக்க மனசு வரலதான்."

"தெரியுமே. சாயங்காலம் என்னைக் கூப்பிட வர்றப்ப உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியும். நாள் பூரா கடையில நின்னுட்டு வர்ற ஆள் மாதிரியா இருக்கும்?"

எனக்கு அழுகை வந்தது. போர்வையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னேன். பெரிய போர்வை, இரண்டு பேர் வேண்டும்.

ஜனவரி 6, திங்கள்

காலையில் இவரே டாக்டருக்குப் போன் செய்து ஆபீஸ் விஷயத்தைச் சொன்னார். கூடத்தில் நின்று, எனக்குக் கேட்கிற மாதிரிதான் பேசினார். புது அளவுக்குப் பிறகு எதுவும் வராததால் அதையே தொடரச் சொல்லிவிட்டாராம். பின்னால் உட்காரலாமாம். மேலாளரிடமும் சொல்லிவிட்டார். இனி ஒவ்வொரு அழைப்பிலும் இன்னொருவரும் லைனில் இருப்பார்.

ஆனாலும் பஸ்ஸில்தான் போனார். மூன்று வாரம் முறுக்கிக்கொண்டு போனவருக்குச் சட்டென்று வந்து வண்டியில் ஏறக் கூச்சமாக இருக்கும்.

ஜனவரி 8, புதன்

மாத்திரை காலை 8. தூக்கம் நன்று.

இன்று சின்னமலையில் யாரோ பெரிய மனிதர் போகிறார் என்று சிக்னலை நிறுத்திவைத்துவிட்டார்கள். கண்ணுக்கு எட்டியவரை வண்டி. பஸ்ஸின் இடது பக்கமாக இருந்த சந்தில் நுழைந்து நுழைந்து நானும் முன்னால் வந்துவிட்டேன். நின்ற இடத்தில் நிமிர்ந்து பார்த்தால், சரியாக என் தலைக்கு மேல் ஜன்னலில் இவர்.

இவரும் பார்த்தார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பக்கத்துக் கொக்கியில் தொங்கிய இவர் ஹெல்மெட்டைப் பார்த்தார். அதைக் கழற்றி வைக்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை.

முகம் ஜன்னலிலிருந்து மறைந்தது. உள்ளே கண்டக்டரின் குரல் கேட்டது. "சார், சார்! இங்க ஸ்டாப்பிங் இல்ல. எங்க எறங்கறீங்க?"

"என் வண்டி வந்துடுச்சுப்பா" என்றார் இவர்.

சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஓர் ஆட்டோவுக்கும் மீன் கூடை வண்டிக்கும் நடுவில் பக்கவாட்டாக நடந்து வந்தார். ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். தாடைப் பட்டையைப் போட்டுக்கொள்ள நேரமாயிற்று. நான் உதவி செய்யவில்லை. வண்டி அமுங்கியது. அந்த எடையை என் இரண்டு கால்களும் உடனே கண்டுகொண்டன.

"மூணு வாரமா இந்தப் புகையைக் குடிச்சுக்கிட்டு வர்றியே" என்றார் காதருகில். "ஒரு பஸ்ஸை முந்தத் தெரியாதா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

நான் கண்ணாடியைச் சரிசெய்தேன். அதில் பாதி இவர் ஹெல்மெட், பாதி பின்னால் நின்ற வண்டிக் கூட்டம். தூரத்தில் தில்லைநாயகி கையை உயர்த்தினார். நூறு எஞ்சின்கள் ஒன்றாக உறுமின. யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"அன்னிக்கு நான் சொன்னது..." என்று இவர் ஆரம்பித்தார்.

"பிடிச்சுக்கங்க" என்றேன்.

முதல் கியர், இரண்டு, மூன்று. பாலத்தின் மேட்டில் ஏறும்போது பஸ் எங்கள் வலது பக்கம் இருந்தது. உச்சிக்கு வந்தபோது கண்ணாடிக்குள் இருந்தது.

நந்தனத்தில் எட்டு ஐம்பதுக்கே இறக்கிவிட்டேன். நேரம் நிறைய இருந்ததால் இருவரும் ஆளுக்கொரு டீ குடித்தோம். பாதி டீ ஆனபோது இவர் சாலைப் பக்கம் கைகாட்டினார். அந்த பஸ் அப்போதுதான் வந்து நின்றது.